தவளைக்கும் கழுகுக்கும் நடுவில் விட்ட இடம்

ஏரிக்கரைத் தெரு,
திருநின்றவூர்.
தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, 1995.

மாணவர் பக்கம் போடுகிற பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

ஜெகதாம்பாள் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு மெஷினும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க எங்களூர் ஏரிகாத்த ராமரிடம் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இங்கே நானும் என் மகன் பாஸ்கரனும் மருமகள் வசந்தாவும் பேத்தி சாமுண்டீஸ்வரியும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதுவது மரியாதைக்காக, நிலவரத்தைக் கீழே சொல்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு, இந்தக் காலத்தில் அதற்கு எத்தனை சேர்த்துப் போட்டுக்கொள்வதோ தங்கள் இஷ்டம். ஆகையால் பிழை திருத்துகிறேன் என்று யாரும் இந்தக் கடிதத்தில் கைவைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தங்கள் பக்கத்தில், பத்தாவது படிக்கிற பிள்ளைகள் சுற்றுச்சூழல் பாடத்தில் எந்தெந்த இடத்தில் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள் என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். மருமகள் அதன்மேல் வடையைப் போட்டு எண்ணெய் எடுக்கப் பார்த்தாள், நான் பிடுங்கி வைத்துக்கொண்டு படித்தேன். எழுதினவருக்கு எங்கள் பொண்ணை நேரில் தெரியும் போலிருக்கிறது, அவள் செய்கிற தப்பு ஒவ்வொன்றும் அதில் இருந்தது. உணவுச் சங்கிலியில் அம்புக்குறியைத் திருப்பிப் போடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவளும் கழுகிலிருந்து கீழே பார்த்துத்தான் போடுவாள், கழுகு மேலேயிருந்துதானே பாயுது என்று நானும் கூட நின்று நியாயம் பேசினேன். தின்கிறதன் பக்கம்தான் அம்பு போகணும், அது சாப்பாடு போகிற திக்கு என்று தாங்கள் போட்டதைப் பார்த்தபிறகு, பந்தியில் சோறுதான் ஆளைத் தேடி வரும் என்று அவளுக்குச் சொன்னேன், டக்கென்று பிடித்துக்கொண்டாள். ஓசோன் ஓட்டை வேறு, புகை கம்பளி மாதிரி மூடிக்கொண்டு பூமியைச் சூடாக்குவது வேறு, ரெண்டையும் போட்டுக் குழப்பாதே என்று போட்டிருந்தீர்கள், அதுவும் சரி. காற்று கெட்டுப்போகிறது என்று மொட்டையாக எழுதாதே, எந்தப் புகை, எங்கேயிருந்து வந்தது, யாருக்கு என்ன செய்தது என்று குறிப்பாக எழுது என்றீர்கள். இவள் அதைப் படித்துவிட்டு மருமகளின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பேரோடு எழுதிப் பழகினாள், அதில் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் பொங்கல் வரைக்கும் பேச்சில்லை. செத்ததை எல்லாம் மக்க வைக்கிற கிருமிகளைச் சங்கிலியில் மறந்துவிடுவார்கள் என்றும் போட்டீர்கள். எல்லாம் நல்ல விஷயம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ஒன்று கீது, அதை விட்டுட்டீங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வம்சத்தில் பத்தாவது பரீட்சை ஹாலுக்குள் கால் வைக்கப்போகிற முதல் பொண்ணு சாமுண்டிதான். அரையாண்டுப் பரீட்சையில் அறிவியலில் போய்விட்டாள். மகன் ஆவடி ஃபேக்டரிக்கு லீவு போட மாட்டேன் என்றான், மருமகள் வாத்தியார் முன்னாடி நிற்க வெட்கம் என்றாள், நான்தான் நல்ல புடவை கட்டிக்கொண்டு ரயிலேறிப் போனேன். பரந்தாமன் சார் என்று ஒருத்தர், சின்னப் பையன், மீசைகூட இன்னும் சரியாக உட்காரவில்லை, பேப்பரை எடுத்துக் காட்டினார். "பாட்டி, மத்ததெல்லாம் எழுதிக்கீறா. இந்த ஒரு எடத்த மட்டும் ஏன் வெறுசா வுட்டா? தவளைய எது தின்னும்னு ஒண்ணாவது புள்ளகூடச் சொல்லுமே" என்றார். பார்த்தால் புல், அம்பு, வெட்டுக்கிளி, அம்பு, தவளை, அம்பு, அப்புறம் வெறும் இடம், அம்பு, கழுகு. வேறே கேள்வியில், எலியை எது பிடிக்கும் என்ற இடத்திலும் வெறும் இடம். வயல்காரனுக்கு உதவுகிற பிராணி எது என்ற இடத்திலும் வெறும் இடம். எல்லாம் அளவெடுத்த மாதிரி ஒரே அகலத்துக்கு விட்டிருந்தாள். சார் சுவரில் தொங்கின படத்தைக் குச்சியால் தொட்டு, "இது இன்னா, சொல்லும்மா" என்றார். இவள் அதை உற்றுப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை. ரெண்டு கையையும் தூக்கி ஒரு தட்டு தட்டினாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரித்ததுகள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அந்தத் தட்டு எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சார் சொன்னார், "பொங்கல் கழிச்சி ஒரு பரீட்சை வெப்பேன் பாட்டி. அதுல தேறலன்னா பப்ளிக்குக்கு அனுப்ப மாட்டாங்க." வீட்டில் வந்து சொன்னால் என் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அனுப்பலன்னா வுடு. அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல சொல்லி வெச்சிக்கீறேன், போய்த் துணி மடிக்கட்டும்" என்கிறான். பொண்ணு ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இதில் என் தப்பு ஒன்றும் கிடையாது, அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் அவளுக்குப் பள்ளிக்கூடம், ரயில், தண்ணிக் குழாய். படிக்கிறது விளக்கு வைத்தபிறகுதான். விளக்கு வைத்த வீட்டில் அதன் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னால் வா என்று கூப்பிட்ட மாதிரி. எதைச் சொல்கிறேன் என்று தங்களுக்குப் புரியும், புற்றில் பால் ஊற்றுகிறோமே, சட்டை உரிக்கிறதே, அதுதான். இந்தக் கடிதத்திலும் அந்தப் பேரை எழுத மாட்டேன். நான் பட்டப்பகலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஆனால் தபால்காரர் எந்த வேளைக்குக் கொண்டுவந்து கொடுப்பாரோ, தாங்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு பிரித்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு. சில வீடுகளில் கயிறு, பூச்சி என்று மாற்றுப் பேர் வைத்துச் சொல்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, நம்மைத்தான் சொல்றாங்க என்று அதற்குத் தெரியாதா. அதனால் நான் பேத்திக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். அந்த இடம் வந்தால் கையை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தாண்டிப் போ என்றேன். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையை, ஒரு தட்டு, தின்னும், அதைக் கழுகு தின்னும். கேட்க நன்றாக இருக்கும், கும்மி மாதிரி. ஆடி மாசத்திலிருந்து தினமும் இப்படித்தான் படித்தாள். கடைசியில் பேரே போய்விட்டது. "எவ்ளோ யோசிச்சாலும் அந்த எடத்துல தட்டற சத்தந்தான் ஆயா கேக்குது" என்கிறாள்.

இதுவரைக்கும் இது மார்க் சமாச்சாரம். இனிமேல் சொல்வதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஏரிக்கரை. ஐப்பசி மழையில் ஏரி ரொம்பிவிட்டால் தவளை போடுகிற கூச்சலில் டி.வி.யில் செய்தி வாசிக்கிற பொண்ணு வாயை மட்டும்தான் பார்க்கலாம். இந்த வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. இவள் சங்கிலியைச் சொல்லிக் கையைத் தட்டினால் அத்தனை தவளையும் ஒரே அடியாக நிற்கும், அப்புறம் மறுபடி கத்தும். "சத்தத்துக்குப் பயந்துகினு நிறுத்துது அத்தே" என்றாள் வசந்தா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு தரமும் மறுபடி கத்துகிற கூட்டம் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கரையோரம் சத்தம் போனது, அப்புறம் நடு ஏரி, கார்த்திகை தீபம் கழிந்தபிறகு ஒரு தவளை, ஒண்டியாக, எங்கேயோ தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது. இவள் தட்டினாள். அதுவும் நின்றது. அதற்கப்புறம் வெட்டுக்கிளி வந்தது பாருங்கள், கொடியில் காய்கிற துணியில் வெட்டுக்கிளி, அரிசிப் பானையில் வெட்டுக்கிளி, பக்கத்து வீட்டு ஜமீலா போட்ட கீரைப் பாத்தியில் வெறும் தண்டுதான் நின்றது. "தவளை போச்சின்னா வெட்டுக்கிளி பெருகும்னு புக்குல கீது ஆயா, அப்படியே நடக்குது" என்றாள் பேத்தி. அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவு நன்றாகப் படித்துவைத்திருக்கிறாள்.

சரி, பெரிசாக ஒன்று வந்து இறங்கியிருக்கிறது என்று துலுக்கானத்தைக் கூப்பிட்டனுப்பினேன். அவன் அதைப் பிடிக்கிறவன், பிடித்துச் சாக்கில் கட்டி, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோய் விடுவான், அவ்வளவு வாய். வந்ததுமே, "இன்னா ஆயா, எத்தினி அடி கீது? ஆறா, ஏழா? எதுவா இருந்தாலும் நமக்கு ஒரு கையி போதும், இன்னொரு கையில டீ கிளாஸ் வெச்சிக்குவேன். போட்டு வெய்யி, வந்துர்றேன்" என்றான். கொல்லையில் செங்கல்லைப் புரட்டினான், வைக்கோலைக் கிளறினான், துவைக்கிற கல்லுக்கு அடியில் குனிந்து மோந்து பார்த்தான். அப்புறம் கரைமேல் ஏறி நடந்து போனான். திரும்பி வரும்போது அந்த வாய் இல்லை. "ஆயா, இங்க அது இல்ல. இந்தக் கரை பூரா ஒண்ணுகூட இல்ல, எல்லாம் ஓடிப்பூட்ச்சி" என்றான். அப்படியென்றால் தவளையைத் தின்றது எதுடா என்றேன். "அது உக்கார்ற எடத்துல வேற இன்னாவோ வந்து உக்காந்துகினு கீது. அது நம்ம லைன் இல்ல" என்றான். போட்டு வைத்த டீயைத் தொடவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தான், அதற்கப்புறம் ஓடினான், நானே வாசலில் நின்று பார்த்தேன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஐயா. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பேருக்கு உரியது மட்டும்தான் வரும். பேர் சொல்லாமல் கையைத் தட்டிக் கூப்பிட்டு, உட்கார இடமும் காலியாக விட்டுவைத்தால் யார் வேணுமானாலும் வரலாம் இல்லையா. போய்ச்சேர்ந்துவிட்ட என் வீட்டுக்காரரை நான் ஆயுசுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கையைத்தான் தட்டுவேன், அவரும் வருவார். ஒருவேளை அவர்தானோ என்றுகூட யோசித்தேன். ஆனால் அவருக்குத் தவளை ஆகாது, தண்ணியில் இருப்பது எதையும் தொட மாட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்தாகிவிட்டது, மகன் ஷிப்டுக்குப் போயிருந்தான், ஜமீலா எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தட்டாதே என்று நான் சொல்லியிருந்தும், பழக்கம், பொண்ணு முணுமுணு என்று சங்கிலியை ஆரம்பித்துவிட்டாள். தவளை வரைக்கும் வந்தாள். கையைத் தூக்கினாள். தட்டவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ரெண்டு கைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. "ஜமீலாக்கா துணி தொவைக்கிறாங்க" என்றாள் வசந்தா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இங்கதான வசந்தா கீறேன்" என்றாள் ஜமீலா, மெதுவாக. பொண்ணு என்ன செய்தாள் தெரியுமா, பாதியில் நிறுத்தப் பயந்துகொண்டு, அதைக் கழுகு தின்னும் என்று முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்துடி என்றேன். "நிறுத்துனா மறந்துருவேன் ஆயா" என்கிறாள். மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி சத்தம், இந்தத் தரம் துவைக்கிற கல்லுகிட்டே. அடுத்த தரம் கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம். தாழ்ப்பாள் லேசாக ஆடியது. ஜமீலா முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னென்னவோ ஓதினாள், வசந்தா போய் டி.வி.யை நிறுத்தினாள், நிறுத்தினபிறகுதான் வெளியில் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

நான் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன். இருட்டு, ஏரி, வேறு ஒன்றும் இல்லை. பின்னால் மாடத்தில் விளக்கு எரிகிறது. என் அம்மா சொல்லாத பேர், அவள் அம்மா சொல்லாத பேர், விளக்கு வைத்தபிறகு என் வாயில் வராத பேர், அதை அந்தக் கதவில் நின்று உரக்கச் சொன்னேன் ஐயா. ஏரி அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். சொல்லி முடித்ததும் காதடைத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பொண்ணைப் பார்த்து, "இப்ப சொல்லுடி முதலிலிருந்து" என்றேன். சொன்னாள். வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

பொங்கல் கழிந்து பரந்தாமன் சார் பரீட்சை வைத்தார். அதே சங்கிலிதான் கேள்வியில் வந்தது. அறுபத்தெட்டு மார்க். அம்பு சரி, ஓசோன் சரி, மக்க வைக்கிற கிருமி சரி, ஸ்டவ் சரி, தவளைக்கும் கழுகுக்கும் நடுவில் பேர் சரி, பக்கத்தில் சிவப்பில் சார் சரி போட்டிருக்கிறார், அந்தப் பேப்பரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நான் படுக்கிறேன். பப்ளிக்குக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனி பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. துணி மடிக்கப் போவதாக இருந்தால் எங்கள் வீட்டிலேயே நிறைய கிடக்கிறது என்று நானும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

ஆகையால் ஐயா, தங்கள் பக்கத்தில் இன்னொரு தப்பையும் சேர்த்துப் போடவும். பிள்ளைகளே, தெரிந்த பேர் எதையும் எழுதாமல் விடாதீர்கள், எந்த வேளையாக இருந்தாலும் சரி, எந்தப் பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி, வெறும் இடம் விட்டுவிட்டு வராதீர்கள், விட்ட இடம் வெறுமனே இருக்காது என்று பெரிய எழுத்தில் போடவும். கீழே ஜெகதாம்பாள், அஞ்சாம் வகுப்பு, திருநின்றவூர் என்று மறக்காமல் போடவும். தங்கள் பத்திரிகை படித்துப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் பேனா கசியாமல், பெஞ்சு ஆடாமல், படித்த கேள்வியே வரட்டும். தங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் நல்ல மார்க் வந்து, நல்ல இடத்தில் வேலை ஆகி, தங்களை வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பக்கத்தை விடாமல் படிக்கும்
ஜெகதாம்பாள்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பேத்தி வாங்கிப் படித்துப் பார்த்தாள். பாதியிலேயே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆயா, அன்னிக்கு நீ பேரு சொல்லல. கதவத் தொறந்து நின்னு கையத்தான் தட்டின. அம்மாவும் பாத்தாங்க, ஜமீலாக்காவும் பாத்தாங்க. நீ பயந்துருவன்னு யாரும் சொல்லல" என்றாள். போடி என்றேன். வசந்தாவைக் கேட்டேன், அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அப்படியென்றால் பரீட்சையில் நீ பேர் எழுதினாயே என்றேன். "நான் எழுதல ஆயா. அப்பவும் எனக்கு வரல. எடம் வுட்டுட்டுத்தான் குடுத்துட்டு வந்தேன்" என்கிறாள். தலைமாட்டிலிருந்து பேப்பரை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் பேர் இருக்கிறது, தப்பில்லாமல் இருக்கிறது. அது அவள் எழுத்து இல்லை, சார் எழுத்தும் இல்லை. இத்தனை நாள் கழித்தும் அந்த மை மட்டும் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். எப்படியோ, சார் சரி போட்டுவிட்டார். ஆகையால் ஐயா, மேலே எழுதின எதையும் தாங்கள் பங்குனி மாசம் பப்ளிக் பரீட்சை முடிகிற வரைக்கும் போட வேண்டாம். ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு இடம் விட ஆரம்பித்தால், அது ஒண்டியாக எத்தனை பேப்பருக்குத்தான் போகும், எங்கள் பொண்ணிடம் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். கணக்குப் பரீட்சையிலும் அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.